குன்னூர் ஏத்தத்துல ஒரு குலுக்கல்!

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். நடுவில் சுமார் 50 கிலோமீட்டர் ரோடுதான். கல்லாறு பாக்குத் தோப்பைத் தாண்டினால் 14 கொண்டை ஊசி வளைவுகள், பர்லியாறு பழக் கடைகள், கை நீட்டும் குரங்குகள், அப்புறம் குன்னூர் குளிர். பழைய கார்ல போறவங்களுக்கு இந்த ரோடு ஒரு பரீட்சை ஹால் பாஸ்!

நாங்க நாலு பேர் போனது நண்பனோட அப்பா 1994-ல் வாங்கின மூணு சிலிண்டர் கார்பரேட்டர் கார்ல. ஏற்கெனவே லேசா இன்ஜின் மிஸ்ஸாகும். ஊர்ல காட்டினதுக்கு, 'கார்பரேட்டரையே மாத்தணும்'னு பெரிய தொகை சொல்லிட்டாங்க. 'இந்த ட்ரிப்போட சரி, அப்புறம் காயலாங்கடைதான்'னு அப்பா முடிவே பண்ணிட்டார்.

பர்லியாறு தாண்டினதும் வண்டிக்கு குளிர்ஜுரம் வந்த மாதிரி ஒரே உதறல். 'பெட்ரோல்ல கலப்படம்டா' என்றான் ஒருத்தன். 'இன்ஜினே போச்சு' என்றான் இன்னொருத்தன். உருட்டி உருட்டி குன்னூர் சேர்ந்து, ஒரு மெக்கானிக் அண்ணாவைப் பிடித்தோம்.

அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதல்ல கேள்விதான். "எப்ப உதறுது தம்பி? ஸ்டார்ட் பண்ணினதுமா, சூடானப்புறமா? நிக்கிறப்பவா, ஏத்தத்துலயா?"

"ஏத்தத்துலதாண்ணா ஜாஸ்தி."

இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் ஒயரைக் கழற்றியதும் ஆட்டம் அதிகமாச்சு. மூணாவதுக்கும் அப்படியே. ரெண்டாவதுக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அதாவது, அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யலை!

இன்ஜின் ஆறினதும் ரெண்டாவது பிளக்கை முதல் சிலிண்டருக்கு மாத்திப் போட்டார். கோளாறும் கூடவே அங்கே போச்சு. அப்போ ஒயர் குற்றவாளி இல்லை, கார்பரேட்டரும் இல்லை, பிளக்தான்! புதுசு போட்டதும் இன்ஜின் சமர்த்தா ஓடுச்சு. எங்க டிபன் பில்லைவிட செலவு கம்மி.

"கீழே ஏன்ணா இவ்ளோ உதறலை?"

விஷயம் காத்துல இருக்கு. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். ஊட்டி உயரத்தில் காற்றோட அடர்த்தி சுமார் 20 சதவிகிதம் குறைவு. புது வண்டியில் சென்ஸார் பார்த்து பெட்ரோலைக் குறைச்சுக்கும். கார்பரேட்டருக்கு அது தெரியாது. கலவையில் பெட்ரோல் கூடி பிளக்ல கரி பிடிக்கும். ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது பிளக்குல பொறி பறக்க மின்சார அழுத்தமும் அதிகமா வேணும். தரையில் எப்படியோ சமாளிச்ச நோஞ்சான் பிளக், மலையில் மாட்டிக்கிச்சு.

காயலாங்கடைப் பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவே இல்லை.

உங்க வீட்டுப் பழைய வண்டியும் உதறுதா? காசை எடுக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க. இளம் பழுப்புன்னா நலம். உலர்ந்த கரின்னா பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளைன்னா காற்று ஜாஸ்தி, எங்கேயோ ரப்பர் டியூப் விரிசல் விட்டிருக்கலாம். ஆனா, ஓடுற இன்ஜின்ல ஒயர் கழற்றுற வித்தையை நீங்க ட்ரை பண்ண வேணாம். ஷாக் அடிக்கும். சைலன்ஸர்ல கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள புது வண்டின்னா அதுவும் பாழாகும்!