அஸருக்கு முன் கூடாரம்



ஆகஸ்ட் லீவுக்கு நக்கிள்ஸ் மலைக்குப் போய் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்று போன கிழமை ஒரு வரி எழுதியிருந்தோம். "சேர், எங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்று பழைய மாணவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கான பதில்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருசங்களுக்கு முந்தி, ஒரு டிசம்பர் லீவில், ஸ்டாஃப் ரூமில் இருந்து நாலு பேர் இதே மலைக்குக் கிளம்பினோம். பனிச்சங்கேணியில் படிப்பிக்கிற எங்களுக்கு நனைவதெல்லாம் ஒரு விசயமே இல்லை. களப்பில் வலை வீசுகிறவர் விடிய விடிய நனைவார், கரையேறி வெயிலில் நின்றால் காய்ந்துவிடுவார். அந்த நினைப்பில்தான் போனோம். ஜீன்ஸ், சாரன், ஆளுக்கொரு பெட்ஷீட், இரவல் வாங்கிய கூடாரம். ஊரின் பெயரில்தான் பனி இருக்கிறது, எங்களில் யாருக்கும் குளிர் தெரியாது.

இரவு எட்டு மணிக்கு மழை பிடித்தது. கூடாரத்துக்குள் தண்ணீர். எங்களில் இளையவர், கணிதம் படிப்பிக்கிற தம்பி, நடுங்கத் தொடங்கினார். பகிடி பண்ணினோம். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. "பழகிட்டுது போல" என்று நிம்மதியானோம். பிறகு அவர் பேச்சு குழறியது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது. "நித்திரை வருது, விடுங்க" என்றார்.

கூட வந்த மலைக்கிராமத்து வழிகாட்டிக்கு மட்டும் விசயம் விளங்கியது. ஈர உடுப்பு முழுவதையும் கழற்றவைத்து, தன்னிடம் காய்ந்திருந்த போர்வையைச் சுற்றினார். எங்களில் இரண்டு பேரை இரு பக்கமும் ஒட்டிப் படுக்கச் சொன்னார். கைகாலைத் தேய்க்கப் போனவரைத் தடுத்தார். தம்பிக்குத் தெளிவு வந்து, விழுங்க முடியும் என்று கண்ட பிறகுதான் சீனி கூடப் போட்ட பிளேன்டீயை மிடறு மிடறாகக் கொடுத்தார். சுபஹு நேரத்தில்தான் தம்பி ஒழுங்காகப் பேசினார். அல்ஹம்துலில்லாஹ்.

ஊருக்கு வந்து ஒரு டொக்டரிடம் கேட்டோம். குளிரில் இருக்கிறவருக்கு நடுக்கம் நின்றால் சந்தோசப்படக் கூடாது, உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம் என்றார். நாங்கள் நிம்மதியான அந்த நிமிசம்தான் பயப்பட வேண்டிய நிமிசம்.

இதில் வெட்கம் என்னவென்றால், எங்களில் ஒருவர் புவியியல் ஆசிரியர். 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும் என்று கரும்பலகையில் எழுதுகிறவர். வாடைக்காற்று மலையில் மோதி மழையாக இறங்குவதை அம்புக்குறி போட்டு வரைகிறவர். டிசம்பரில் நம்மூரை வெள்ளத்தில் போடுகிற அதே காற்றுத்தான் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவையும் நனைக்கிறது. பிள்ளைகள் பிழையாக எழுதினால் புள்ளி வெட்டுகிறோம். நாங்கள் அதை நம்பவே இல்லை.

இந்த முறை கரும்பலகையை நம்பித் திட்டம் போடுகிறோம்.

காலம் ஆகஸ்ட். நம்மை வாட்டுகிற கச்சான் காற்று, மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று. ஆகவே மீமுரே பக்கமான கிழக்குச் சரிவு அப்போது ஓரளவு காய்ந்திருக்கும். ஆனால் காற்றடிக்கும், முகில் எப்போதும் இறங்கலாம். காய்ந்த புல் தீப்பிடிக்கும் என்பதால் விறகு மூட்டுவதில்லை, சின்ன காஸ் அடுப்பு மட்டும்.

வழி: வாழைச்சேனை, செங்கலடி, மகா ஓயா, மகியங்கனை. பிறகு 18 வளைவு ஏறி ஹுன்னஸ்கிரிய. அங்கிருந்து கோபெட்ஸ் கெப் தாண்டி மீமுரே. வளைவுகளைப் பகலில் மட்டும்தான் ஏறுவோம்.

நக்கிள்ஸ் பாதுகாப்பு வனம். 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கிய மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் கால் வைப்பதில்லை. அனுமதித்த இடத்தில் மட்டும் கூடாரம், அதுவும் ஓயாவின் கரையை விட்டு மேலே. எங்கோ மேலே பெய்த மழைக்கு, நட்சத்திரம் தெரிகிற இரவிலும் ஓயா பெருகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டால் பயணம் ரத்து. வேன் காசு போனால் போகட்டும்.

பைக்குள்: ஆளுக்கொரு காய்ந்த உடுப்பு, தடித்த பொலித்தீனில் கட்டி, படுக்கும்போது மட்டும் அவிழ்க்க. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. அட்டைக்குச் சவர்க்காரம். சீனி, தேயிலை.

நேரம்: பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம் என்பதால் வழியில் இரண்டு முறை நிற்கத் தேவையில்லை. மூன்றரைக்குள், அதாவது அஸர் நேரத்துக்கு முன், கூடாரம் அடித்து முடிய வேண்டும். "உங்கட தொழுகை நேரம்தான் சேர் எனக்கும் மணிக்கூடு" என்று சிரிக்கிறார் தம்பி. அவர் பனிச்சங்கேணிக்காரர், கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்கிறவர்.

குப்பை ஒன்றுகூட அங்கே விடுவதில்லை. நக்கிள்ஸின் ஓயாக்கள் மகாவலியில் சேர்கின்றன. மகாவலியின் ஒரு கிளைதான் நம் வெருகல் ஆறு. அங்கே எறிவதை இங்கே நம் பிள்ளைகள் மிதித்துக் குளிப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை தம்பியின் வீட்டுக்குப் போனோம். அவருடைய அம்மா தேத்தண்ணி தந்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டார்: "போன முறை என்ட மகனைக் கூட்டிட்டுப் போனீங்க சேர். இந்த முறை கூட்டிட்டும் வருவீங்களா?"

எங்களிடம் உடனே பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு தாளோடு போனோம். எந்த வழி, எந்த இடம், வழிகாட்டியின் இலக்கம், வேன் இலக்கம். மலைக்குள் சிக்னலை நம்ப முடியாது, அதனால் கோல் வராவிட்டால் இரண்டு நாளும் பயப்பட வேண்டாம். ஆனால் ஞாயிறு மஃரிபுக்குள் எங்கள் குரல் கேட்காவிட்டால் 119 க்கு அடித்து இந்தத் தாளை வாசியுங்கள் என்று எழுதியிருந்தோம். அவர் வாசித்துவிட்டு யோசித்தார். மஃரிபை வெட்டிவிட்டு "விளக்கு வைக்கிற நேரத்துக்குள்" என்று எழுதிக் கொடுத்தோம். கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்.

பிள்ளைகளே, அதனால்தான் இந்த முறை உங்களைக் கூட்டிப் போகவில்லை. உங்கள் வீட்டு ஆணிகளிலும் இப்படியொரு தாளைக் குத்துகிற தகுதி எங்களுக்கு இன்னும் வரவில்லை. முதலில் அந்த ஒரு அம்மாவுக்கு, ஞாயிறு விளக்கு வைக்கிற நேரத்துக்குள் கோல் எடுத்துக் காட்டுகிறோம். இன்ஷா அல்லாஹ், அதற்குப் பிறகு உங்கள் முறை.

துஆச் செய்யுங்கள்.