மௌனப் படத்தில் அவள் என்ன சொன்னாள்?

போன வாரம் சென்னையிலிருந்து பேத்தி வந்திருந்தாள். விஸ்காம் படிக்கிறாள். வகுப்புக்காக ஐந்து நிமிட மௌனப் படம் ஒன்று எடுக்க வேண்டுமாம். அவள் குழு 'கீசக வத'த்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. "ஆயா, நீதான் தமிழ் டீச்சராச்சே. கீசகன் கையைப் பிடிக்கிறப்போ திரௌபதி சொல்றது மட்டும் ஒரு கார்டு எழுதிக் குடு. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு" என்றாள்.

ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் ஆகிவிட்டது. அந்த மூன்று நாள் யோசனைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அஞ்ஞாத வாசத்தில் திரௌபதி சைரந்திரி என்ற பெயரில் விராட ராணியிடம் வேலை பார்க்கிறாள். ராணியின் தம்பி கீசகன் அவளை விரும்புகிறான். அவள் மறுக்கிறாள். ராணியே அவளை மது வாங்கி வரச் சொல்லி அவன் மாளிகைக்கு அனுப்புகிறாள். அவன் கையைப் பிடிக்க, உதறிவிட்டு ராஜசபைக்கு ஓடுகிறாள். சபையில் எல்லோரும் பார்க்க அவளை உதைக்கிறான். அரசன் வாய் திறக்கவில்லை. அன்றிரவு பீமனிடம் போய் அழுகிறாள். பிறகு வதம்.

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் இந்தக் கதைதான் என்பது பேத்தி சொல்லித்தான் எனக்கு உறைத்தது. வேலூர்க்காரர் ஆர். நடராஜ முதலியார், மோட்டார் கார் உதிரிபாக வியாபாரம் செய்தவர், 1917-18 வாக்கில் சென்னை மில்லர்ஸ் சாலையில் ஸ்டுடியோ அமைத்து எடுத்தார். கதைக்கு யோசனை சொன்னவர் பம்மல் சம்பந்த முதலியார். முதல் படத்துக்கு இந்தக் கதையா என்று உறவினர்கள் சிலர் தயங்கினார்களாம். நம் பக்கத்து சினிமா பிறக்கும்போதே ஒரு பெண் "வேண்டாம்" என்று சொல்லும் கதையோடுதான் பிறந்திருக்கிறது. ஆனால் அதில் அவள் எப்படிச் சொன்னாள் என்று நாம் பார்க்க முடியாது. படம் அழிந்துவிட்டது.

நான் இந்தக் கதையை முதலில் பார்த்தது கூத்தில். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் தறி நிற்கும் நாட்கள் குறைவு. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் செய்யாறு போகும் வழியில் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் மட்டும் அப்பா தறியை நிறுத்திவிட்டு எங்களையும் கூட்டிப்போவார். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. பெண் வேடம் கட்டுவதும் ஆண்தான். ஆனால் அந்த சைரந்திரி பேசுவாள் பாருங்கள்! ஒரு வரியில் முடிக்க மாட்டாள். பாடுவாள், வசனம் பேசுவாள், கீசகன் ஒன்று சொன்னால் இவள் நான்கு சொல்வாள். அரை மணி நேரம் மறுப்பாள். நடுவில் கட்டியங்காரன் கோமாளித்தனம் செய்ய, கூட்டம் சிரிக்கும். ஆண்கள் பக்கம்தான் சிரிப்பு அதிகம். என் அப்பாவின் அம்மா சிரிக்க மாட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது தூக்கத்தால் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன்.

இந்த அரை மணி நேரப் பேச்சு மௌனப் படத்துக்கு வந்தபோது என்ன ஆகியிருக்கும்? இரண்டு கை, இரண்டு கண், ஒரு அட்டை. அட்டைகள் ஆங்கிலம், தமிழ், இந்தி என மூன்று மொழியில் இருந்தன. இந்தியில் எழுதிக்கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி என்று படித்தேன். எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள். சரி, எழுதினார்கள். படிக்க யாருக்குத் தெரியும்? அந்தக் காலத்து டென்ட் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்க விளக்குவார். அவரும் ஆண். ஆக, திரௌபதியின் மறுப்பை ஓர் ஆண் எழுதி, இன்னொரு ஆண் கத்திச் சொல்லி, கூட்டம் கேட்டது. அவர் கூத்துக் கட்டியங்காரன் மாதிரி நடுவில் ஒரு கேலியையும் சேர்த்திருந்தால் யார் தடுத்திருப்பார்கள்?

பேத்தி தன் லேப்டாப்பில் சில மௌனப் படங்கள் காட்டினாள். 1929இல் வந்த 'பிரபஞ்ச பாஷ்', சூதாட்டக் கதை, பாரதத்தின் சாயல் உள்ளது. ஹிமான்ஷு ராய் தயாரித்தது, இயக்கியவர் பிரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மானியர். கதாநாயகி சீதா தேவி. அவருடைய உண்மைப் பெயர் ரெனே ஸ்மித், ஆங்கிலோ இந்தியர். காதலனைப் பார்க்கும்போது அந்த முகத்தில் வருகிற வெளிச்சத்துக்கு எந்த அட்டையும் தேவைப்படவில்லை. அவளுக்கு விருப்பம் என்று ஊமைக்கும் குழந்தைக்கும் புரியும். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. விருப்பத்தை மௌனப் படம் மிக நன்றாகச் சொல்கிறது. மறுப்பைச் சொல்லத்தான் அதற்கு நாக்கு குழறுகிறது. தள்ளிவிடுவதை நாணம் என்றும் சொல்லலாம், முகம் திருப்புவதை ஊடல் என்றும் சொல்லலாம். அடுத்து வரும் அட்டை எதைச் சொல்கிறதோ அதுதான் அர்த்தம்.

1921இல் அமெரிக்காவில் 'தி ஷேக்' என்று ஒரு படம். வாலண்டினோ அதனால்தான் உலகப் புகழ் பெற்றார். பாலைவனத் தலைவன் ஓர் ஆங்கிலப் பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறான். அவள் எதிர்க்கிறாள், அழுகிறாள், தப்பி ஓடுகிறாள், கடைசியில் அவனையே காதலிக்கிறாள். மூல நாவலில் வெளிப்படையாக இருந்த பலாத்காரத்தைப் படத்தில் மழுப்பிவிட்டார்கள். முடிவில் அவன் அரபியே இல்லை, ஐரோப்பிய ரத்தம் என்று வேறு ஒரு சமாதானம். கடத்தியதற்குச் சமாதானம் தேவைப்படவில்லை, ரத்தத்துக்குத் தேவைப்பட்டது! பேத்திக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. நம் ஊரில் இந்தக் கதையை எத்தனை தடவை பார்த்துக் கைதட்டியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 'புதிய பாதை'யில் தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போய் மணந்து திருத்துகிறாளே, 1989இல் அதைப் பார்த்துக் கண்கலங்கியவள் நான்.

ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' (1929) மட்டும் என்னை உட்கார வைத்தது. அதற்குப் பேசும் வடிவமும் உண்டு, மௌன வடிவமும் உண்டு. ஓவியன் ஒருவன் அந்தப் பெண்ணைத் திரைச்சீலைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறான். நாம் பார்ப்பது சீலை அசைவதை மட்டும். பிறகு ஒரு கை வெளியே வந்து தடவித் தடவி ரொட்டிக் கத்தியை எடுக்கிறது. அந்தக் கைக்கு அட்டை போட வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் சைரந்திரிக்கு என்ன அட்டை? நான் முதலில் எழுதியது: "எனக்கு ஐந்து கந்தர்வர்கள் கணவர்கள். என்னைத் தொட்டால் நீ மாள்வாய்." பாரதத்தில் அவள் சொல்லும் காரணம் அதுதானே. பேத்தி படித்துவிட்டு, "அப்போ புருஷன் இல்லாத பொண்ணா இருந்தா தொடலாமா ஆயா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் இல்லை. இத்தனை வருஷம் படித்த, படிப்பித்த கதையில் இந்த ஓட்டையை நான் பார்த்ததே இல்லை. அவள் "எனக்கு இஷ்டமில்லை" என்று நின்றால் எடுபடாது. "நான் இன்னொருவருடையவள்" என்றால்தான் எடுபடும். பழைய மௌனப் படங்களிலும் பத்தினியின் மறுப்புக்கு மட்டும் மரியாதை. கன்னிப் பெண்ணின் மறுப்பு பாதி விளையாட்டு.

சட்டமும் அன்று அப்படித்தான் இருந்தது. நடராஜ முதலியார் படமெடுத்த காலத்தில் பெண்ணின் சம்மத வயது 12. 1891இல் போட்ட சட்டம் அது. அதற்கு முன் 10. பிறகு 1927-28இல் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் சினிமா விசாரணைக் குழு ஒன்று 353 பேரை விசாரித்தது. திரையில் முத்தம் வரலாமா, வெள்ளைக்காரப் பெண்களை இப்படிக் காட்டினால் இந்தியர்கள் கண்ணில் அவர்கள் மதிப்பு போய்விடுமா என்றெல்லாம் பெரிய கவலை. அதே சமயம் 1928-29இல் ஜோஷி குழு என்று இன்னொன்று ஊர் ஊராகப் போய் சம்மத வயதை விசாரித்தது. அடுத்து சாரதா சட்டம் வந்து பெண்ணின் கல்யாண வயதை 14 ஆக்கியது. முத்தத்துக்கு ஒரு குழு, சம்மதத்துக்கு ஒரு குழு. இரண்டும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே வருஷத்தில்!

மௌனப் படங்கள் ஓய்ந்து நாற்பது வருஷம் கழித்து, 1972இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணுக்குக் காவல் நிலையத்தில் கொடுமை நடந்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே சம்மதம் என்ற வகையில் 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் திறந்த கடிதம் எழுதி, போராட்டங்கள் நடந்து, 1983இல் சட்டம் திருந்தியது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகாது என்று வெளிப்படையாக எழுதியது 2013இல்தான். கணவனுக்கு மட்டும் விதிவிலக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் பழமொழி விளக்கம் நடத்தினேன். "மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று கரும்பலகையில் எழுதி, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலைகுனிந்து பேசாமல் நின்றாள், பெரியவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று உதாரணமும் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "பயத்துல பேசாம இருந்தா என்ன டீச்சர் அர்த்தம்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். "பரீட்சையில இதை எழுதினா மார்க், அதை எழுதினா முட்டை. உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

பல வருஷம் கழித்து வைகாசி கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்துக் கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் காலேஜ் படிப்பதாகச் சொன்னாள். குடை அசைந்து பெருமாள் திரும்பும் வரை நின்று பேசினோம். போகும்போது சொன்னாள்: "டீச்சர், கல்யாணமான புதுசுல எனக்கு எதுவும் பிடிக்கல. வாயைத் திறந்து சொல்லத் தெரியல. அவரும் நீங்க சொன்ன பழமொழியைத்தான் படிச்சிருப்பார் போல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஏதாவது பதில் சொல்வதற்குள் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அன்று தள்ளாமல் இருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

நேற்று ராத்திரி பேத்திக்கு வாட்ஸ்அப்பில் கார்டை அனுப்பினேன். கந்தர்வர்களை எடுத்துவிட்டேன். கற்பு, சாபம், நாசம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். "எனக்கு விருப்பமில்லை. கையை விடு." அவ்வளவுதான்.

"கொஞ்சம் ப்ளெயினா இருக்கே ஆயா, அந்தக் காலத் தமிழ்ல வேணும்னு கேட்டேனே" என்று பதில் வந்திருக்கிறது. மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அட்டையை ஒரு விநாடியில் எடுத்துவிடாமல், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் படித்து முடிக்கும் வரை திரையில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.