அளவுகோலும் அப்பம்மாவும்

விடுமுறை என்பது ஓய்வின் பொருட்டு ஏற்பட்டது என்பர். நான்கு வயதுக் குழந்தை ஒன்றை உடன் அழைத்துக்கொண்டு பிரயாணம் புறப்பட எண்ணும் குடும்பத்தாருக்கு அக்கூற்றில் ஐயம் தோன்றாதிராது. படையெடுப்புக்கு ஆயத்தமாகும் தளபதிக்குங்கூட இத்தனை ஆலோசனைக் கூட்டங்கள் தேவைப்படா. வெள்ளவத்தையிலே, கடலோரப் புகையிரதப் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் அமைந்த எம் தொடர்மாடி வீட்டில் சில வாரங்களாக இத்தகைய கூட்டங்களே நடந்து வருகின்றன.

விஷயம் இதுதான். மெல்பேர்ண் நகரில் வாழும் எம் தமையனார், வருகின்ற டிசம்பர் விடுமுறையில் மனைவி மக்களோடு சிங்கப்பூருக்கு வருவதாகவும், நாமும் கொழும்பிலிருந்து அங்கு வந்து சேர்ந்தால் ஐந்து நாள் ஒன்றாக இருக்கலாம் என்றும் தெரிவித்தார். எம் அன்னையாருக்கு வயது எழுபத்தாறு. மூத்த மகனை அவர் நேரிற் கண்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முன்பள்ளிக்குச் செல்லும் எம் மகளோ, தன் பெரியப்பாவைக் கைத்தொலைபேசித் திரையிலன்றி வேறெங்கும் கண்டவளல்லள். திரையில் எப்போதும் தலையும் தோளுமே தெரிவதால், "பெரியப்பாவுக்குக் கால் இருக்கோ?" என்று ஒருநாள் கேட்டாள். நாம் யாவரும் நகைத்தோம். எம் அன்னையார் மட்டும் நகைக்கவில்லை.

தமையனாரின் யோசனையில் ஒரு நிபந்தனையும் உண்டு. ஐந்து நாளில் இரண்டு நாளைச் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்னும் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே அது. அவர் புதல்வர் இருவருக்கும் முறையே பன்னிரண்டும் ஒன்பதும் வயது. அவ்வயதுப் பிள்ளைகள் 2010 ஆம் ஆண்டு தொடங்கி இயங்கிவரும் அப்பூங்காவை விரும்புவதில் வியப்பில்லை. செந்தோசா என்னும் மலாய்ச் சொல்லும் நாம் வழங்கும் சந்தோஷம் என்னும் சொல்லும் ஒரே வடமொழி வேரிற் பிறந்தவை. எனினும், யாருடைய சந்தோஷம் என்ற வினா அங்கேதான் எழுந்தது.

கொட்டாஞ்சேனையில் வாழும் எம் மாமியார் இச்செய்தியைக் கேட்டதும், "தம்பி, நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கப் போகுது? அந்தக் காசைப் பிள்ளையின்ரை பேரிலை வங்கியிலை போட்டு வையுங்கோ" என்றார். இவ்வாட்சேபம் இலேசாகத் தள்ளிவிடத் தக்கதன்று. மனிதர் தம் வாழ்வின் முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைப் பிற்காலத்தில் பெரும்பாலும் நினைவுகூர்வதில்லை என்பது உளநூலார் கண்ட உண்மை. காசைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் வரை ஏறியதை இந்நாட்டு மாதச் சம்பளக்காரர் எவரும் மறந்திரார். அந்த நெருக்கடிக்குப் பின் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையை எடுத்துச் செலவிடுவதற்குத் தக்க காரணம் வேண்டுமன்றோ?

காரணத்தைத் தேடிய பொழுது கேளிக்கைப் பூங்காவின் பிறப்பு வரலாறே எமக்கு உதவியது. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி என்பவர் 1955 ஆம் ஆண்டு ஜூலை 17 ஆம் திகதி அனஹைம் என்னும் ஊரிலே டிஸ்னிலாந்தைத் திறந்து வைத்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிபித் பூங்காவில் தம் பெண் மக்கள் இருவரும் குதிரை இராட்டினத்தில் சுற்றிவர, தாம் வாங்கில் அமர்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலேதான் அவ்வெண்ணம் உதித்தது என்று அவர் கூறியிருக்கின்றார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ்வதற்கு ஓரிடம் வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆகவே, ஒன்றாயிருத்தல் என்பதே இத்தகைய பூங்காவின் ஆதி நோக்கம் எனலாம்.

அந்நோக்கம் நடைமுறையில் நிறைவேறுமா என்று ஆராயப் புகுந்தபோது முதலில் எதிர்ப்பட்டது அளவுகோல். பெரும் பூங்காக்களில் உயர வரம்புள்ள ஓட்டங்களின் வாயிலில் உயரம் அளக்கும் கோல் ஒன்று நிற்கும். செந்தோசாவிலே ட்ரான்ஸ்போமர்ஸ் ஓட்டத்துக்கு 102 சென்ரிமீற்றரும், மம்மி ஓட்டத்துக்கு 122 சென்ரிமீற்றரும், பட்டில்ஸ்டார் ரோலர் கோஸ்டருக்கு 125 சென்ரிமீற்றரும் குறைந்த உயரமாக விதிக்கப்பட்டுள்ளன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயது நிறைந்த பெண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 103 சென்ரிமீற்றர். 122 சென்ரிமீற்றரை எட்டுவதற்கு ஏழு வயது கடந்தாக வேண்டும். எம் மகளைக் கதவு நிலையோடு நிறுத்தி அளந்தோம். 101 சென்ரிமீற்றர் வந்தது. நான்கு வயது நிறைந்தவர்களுக்கு அங்கே சிறுவர் கட்டணமும் உண்டு. கட்டணத்துக்கு அவள் பெரியவள். ஓட்டத்துக்கு அவள் சிறியவள்!

தடித்த அடியுள்ள சப்பாத்தை அணிவித்தால் ஒரு சென்ரிமீற்றரை ஈடுசெய்யலாமே என்று தமையனாரின் மூத்த புதல்வன் தொலைபேசியில் உபாயம் கூறினான். பன்னிரண்டு வயதுக்கு அது நல்ல உபாயமாகவே தோன்றும். ஆனால், அவ்விதி காவலாளியின் பிடிவாதத்தால் ஏற்பட்டதன்று. வண்டி விரைந்து திரும்பும்போது உடலை இருக்கையோடு பிணித்து வைக்கும் தடுப்புக் கம்பி, குறித்த அளவுக்குக் குறையாத உடலுக்கென்றே அமைக்கப்பட்டது. அதனினும் சிறிய உடல் அதன் கீழே நழுவக்கூடும். சப்பாத்தின் அடி உயர்ந்தால் இடுப்பின் அளவு பெருகுமா? பெற்றோர் இவ்விதியை ஏய்க்க ஒருபோதும் எண்ணலாகாது.

உயரத்துக்கு அடுத்தது அச்சம். குழந்தை உளநூலில் பெயர்பெற்ற பியாஜே என்னும் அறிஞர், இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள பருவத்தில் பிள்ளைகள் தோற்றத்தையே மெய்யெனக் கொள்ளும் இயல்பினர் என விளக்கினார். வேடம் புனைந்த ஆளை எமக்கு ஆளாகத் தெரியும். நான்கு வயதுக் குழந்தைக்கு அது உயிருள்ள பூதம். இருட்டறையில் திடீரெனப் பாயும் பொம்மையும் அத்தகையதே. மூன்றாவது, உறக்கம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019 ஆம் ஆண்டில் வழிகாட்டியது. சிங்கப்பூரின் கடிகாரம் எம்முடையதிலும் இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கு காலை ஒன்பது மணி என்றால் எம் மகளின் உடலுக்கு அது காலை ஆறரை. டிசம்பரிலே வடகீழ்ப் பருவக்காற்று மழையும் உண்டு. மின்னல் கண்டால் வெளியரங்க ஓட்டங்களை நிறுத்திவிடுவர்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதினோம்: நிழல் வேண்டும், அமர இடம் வேண்டும், மலசலகூடம் அண்மையில் இருக்க வேண்டும், நீண்ட வரிசையில் நிற்கலாகாது, மதியம் உறங்க வேண்டும், உறைப்பில்லாத சைவ உணவு வேண்டும். எம் துணைவியார் அத்தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இது பிள்ளைக்கு எழுதினதோ, மாமிக்கு எழுதினதோ?" என்று வினவினார். மீண்டும் படித்துப் பார்த்தோம். உண்மையிலேயே, நான்கு வயதுக்கு எழுதியது ஒரு சொல்லும் மாறாமல் எழுபத்தாறுக்கும் பொருந்தியது. குடும்பத்தின் மிகச் சிறியவரும் மிக மூத்தவரும் ஒரே வேகத்தில் நடப்பவர்கள். அவர்களிருவரின் நடைக்கு ஏற்பத் திட்டமிட்டால் இடையிலுள்ளோர் எவரும் பெரிதும் இழப்பதில்லை. பன்னிரண்டு வயதின் வேகத்துக்குத் திட்டமிட்டாலோ, முதல்நாள் நண்பகலிலேயே ஒருவர் அழுவார், மற்றொருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மௌனமாக இருப்பார்.

அந்நடையின் அளவை அறிவதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. காலிமுகத்திடல் உலாவீதியை 1859 ஆம் ஆண்டிலே அமைத்து முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பு மாநகரின் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலன் கருதி அதனைப் பேணுமாறு தம் பின்வருவோருக்குக் கல்லிலே எழுதி வைத்தார். இரு மாலைப் பொழுதுகளை அங்கே கழித்தோம். ஒரு ஞாயிறன்று, 1936 ஆம் ஆண்டு முதல் அரசினரின் பொறுப்பிலுள்ள தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் சென்றோம். எம் மகள் யானையை ஐந்து நிமிடம் பார்த்தாள்; எம் வீட்டுப் பலகணிக்கு நாள்தோறும் வரும் அணிலைப் போன்ற ஒன்றை அரைமணி நேரம் பின்தொடர்ந்தாள். பேத்தியும் அப்பம்மாவும் வாங்கில் அமர்ந்து ஒரு தோடம்பழத்தைப் பங்கிட்டு உண்டனர். இரண்டு மணி நேரத்தின் முடிவில் "அப்பா, தூக்குங்கோ" என்ற குரல் எழுந்தது. அதனால் எம் கணக்குத் தெளிவாயிற்று: இரண்டு மணி நேரம் நடை, ஒரு மணி நேரம் இருக்கை, பின்னர் உறக்கம்.

எனினும், மாமியாரின் ஆட்சேபம் விடையின்றியே இருந்தது. விடை கூறியவர் எம் அன்னையார். முன்னாளில், ஆடிவேல் உற்சவ காலத்திலே, செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வரும் நாட்களில், காலி வீதியோரம் கரும்பும் பொம்மையும் விற்கும் கடைகள் நிறைந்திருக்கும். 1979 ஆம் ஆண்டு, நான்கு வயதினராயிருந்த எம் தமையனாரை அங்கு அழைத்துச் சென்று, மரக்குதிரை இராட்டினம் ஒன்றில் மடியில் வைத்துச் சுற்றினாராம். முதற் சுற்றில் மகன் அலறினான். இரண்டாம் சுற்றில் நகைத்தான். மூன்றாம் சுற்று முடிந்தபின் இறங்க மறுத்தான். தமையனாரை வினவினோம். இராட்டினமும் நினைவில்லை, வேலும் நினைவில்லை என்றார். அன்னையார் சொன்னார்: "அவனுக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருக்கு. அது காணாதோ?"

அதன்பின் நாம் தர்க்கம் புரியவில்லை. குழந்தைக்காக நாம் செய்யும் செலவிற் பெரும்பகுதி, பிறர் நினைவிலே வைப்பாகக் கிடக்கும் செல்வம். வங்கியில் இட்ட பணத்தை அவள் பின்னாளில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், எழுபத்தாறு வயதினர் ஒருவர் தம் இரு மக்களையும் மூன்று பேரப்பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழே காணும் நாளை எந்த வங்கியிலும் இட்டு வைத்துப் பின்னர் எடுக்கவியலாது. இதனை மாமியாரிடம் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப பிள்ளைக்கு மழைச்சட்டை வாங்கிப்போட்டீங்களோ?" என்றார்.

இறுதியாக உருவான திட்டம் வருமாறு. பூங்காவுக்கு இரண்டு நாளன்று, ஒரு நாள். வாயில் திறக்கும் நேரத்தில் உள்ளே சென்று, சிறுவர்க்குரிய மெல்லிய ஓட்டங்களை முற்பகலிலேயே முடித்துக்கொண்டு, மதிய உணவின் பின் மகளும் அப்பம்மாவும் எம் துணைவியாரோடு தங்குமிடம் திரும்புவர். சிறுவர் இருவரும் தந்தையோடும் சிறிய தந்தையோடும் மாலை வரை தம் ஆசை தீர ஓடலாம். அங்கே குழந்தையை ஒருவர் காத்திருக்க மற்றவர் ஏறி, பின்னர் மீண்டும் வரிசையில் நில்லாமலே முறைமாறிக் கொள்ளும் வசதியும் உண்டாகையால் முற்பகலிலும் எவரும் ஏமாற வேண்டியதில்லை. ஒருநாள் காலை, இலங்கைத் தமிழர் நெடுங்காலமாகப் பேணிவரும் சிலோன் ரோட் செண்பக விநாயகர் ஆலயத்தில் வழிபாடு. தங்குமிடம் சமையலறை உள்ளதாக இருக்க வேண்டும் என்பது அன்னையாரின் ஒரே கோரிக்கை. மூத்த மகனுக்குத் தம் கையாற் சமைத்துப் பரிமாறுவதற்கென ஒரு நாள் முழுவதையும் அவர் கேட்டுப் பெற்றுக்கொண்டார். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் இப்பொழுதே பொதி கட்டப்பட்டாயிற்று.

இத்தகைய பயணத்தை எண்ணியிருக்கும் வாசகர்க்குச் சில சொற்கள். சீட்டு வாங்குமுன் குழந்தையின் உயரத்தை அளந்து, அப்பூங்காவின் அன்றைய விதிகளோடு ஒப்பிடுங்கள். குழந்தையின் கைப்பட்டியில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கட்டுங்கள். பெயரை வெளியே தெரிய எழுதாதீர்கள். கடன்பட்டுப் புறப்படாதீர்கள், கைப்பொருள் போதாதெனில் தெஹிவளையும் காலிமுகத்திடலும் அருகிலேயே உள்ளன. அஞ்சும் குழந்தையை வற்புறுத்தி எதிலும் ஏற்றாதீர்கள். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் அமரும் வாங்கே குழந்தைக்கும் இளைப்பாறும் இடமாகும்.

விமானச் சீட்டுக்கு முற்பணம் கட்டியாயிற்று. எம் மகளுக்குப் பூங்காவைப் பற்றிய கவலை சிறிதுமில்லை. பெரியப்பா விமான நிலையத்துக்குச் சப்பாத்தோடு வருவாரா, செருப்போடு வருவாரா என்பதே அவள் நாள்தோறும் கேட்டுவரும் கேள்வி.