புல்லுக்கும் மூச்சுண்டு

யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நான், கனடாவில் ரொறன்ரோ நகருக்கருகே குடியேறிய பின்னரே புல்லையும் ஒரு பயிராக எண்ணக் கற்றேன். ஊரில் அறுகு தானே படரும். பிள்ளையாருக்குச் சாத்த நாலு நுனி கிள்ளுவதன்றி அதற்கு நாம் செய்த தொண்டு யாதுமில்லை. இங்கோ, வீட்டுப் புற்றரை குடும்பத்தின் மானத்தோடு ஒட்டியது.

என் பிள்ளைகள் பின்வளவில் கிரிக்கெட் ஆடினர். மூன்று ஆண்டுகளில் நடுவே நீண்டதொரு வழுக்கை விழுந்தது. அவர்களைக் கடிந்து மட்டையைப் பறித்தேன். யூலை மாதத்தில் விதை தூவினேன். முளைத்தவை வெயிலிற் கருகின. எஞ்சிய இடத்தைக் களை பிடித்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் அழகின்பொருட்டுக் களைகொல்லி தெளித்தலை 2009ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டமையால், வழக்கமான மருந்துகளும் கைக்கெட்டவில்லை.

அயலில் வாழ்ந்த முதியவர் ஒருவர் நீண்ட இரும்பாணியொன்றை என் நிலத்தில் ஊன்றிப் பார்த்தார். அது இரண்டு விரற்கடையும் இறங்கவில்லை. மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் எட்டவில்லை என்றும், செப்டெம்பர் வரை பொறுக்குமாறும் கூறினார்.

செப்டெம்பர் தொடக்கத்தில் துளையிடும் பொறியொன்றை வாடகைக்கு எடுத்தோம். அது விரற்பருமனான மண்துண்டுகளை இரண்டு மூன்று அங்குல ஆழத்திலிருந்து பிடுங்கிப் புல்லின்மேல் எறிந்து சென்றது. அவற்றை அள்ள முனைந்த என்னை முதியவர் தடுத்தார். மழையிற் கரைந்து அவை மீண்டும் மண்ணோடு சேரும் என்றார். கென்ரக்கி புளூகிராஸ், பெஸ்கியூ, றைகிராஸ் ஆகியவை கலந்த விதையைத் தூவி, நாளுக்கு இருமுறை மெல்ல நீர் தெளித்தேன். அப்பருவத்தில் மண்ணில் கோடைச் சூடு எஞ்சியிருக்கும், காற்றோ குளிர்ந்திருக்கும், களைகளின் வேகமும் தணிந்திருக்கும். ஒரு வாரத்தில் றைகிராஸ் ஊசிபோல் எழுந்தது. புளூகிராஸ் மூன்று வாரஞ் சென்றே தலைகாட்டியது. நிலம் உறையுமுன் வேர் பிடித்தது. அடுத்த வசந்தத்தில் வழுக்கை மறைந்தது.

அப்பசுமையைக் கண்டபோது எமது கல்லூரி மைதானம் என் கண்முன் வந்தது. மாரி மழை விட்டதும் பந்தோடு ஓடுவோம். நாம் 'அப்பு' என்றழைத்த மைதானக் காவலர் குறுக்கே நிற்பார். "ஈர நிலத்தை உழக்காதையுங்கோ தம்பிமார்" என்பார். கல்நெஞ்சர் என்று அவரை ஏசினோம். ஒருநாள் நானே வேலியாற் புகுந்து, அவர் காண ஓடினேன். ஈரமண்ணே மிதிபட்டு மிக இறுகும் என்பதை அவர் ஏட்டிற் படித்தவரல்லர்; நிலத்திடம் படித்தவர்.

பிள்ளைகளிடம் மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புவிடம் மன்னிப்புக் கேட்கக் காலம் இடந்தரவில்லை. அவர் காத்த மைதானத்தில் இன்று ஆடும் தம்பியரே, மழைநாளில் எவரேனும் உங்களை மறித்தால், என்பொருட்டும் ஒருமுறை பணிந்து திரும்புங்கள்.