கணக்கில் வராத கோல்கள்

கால்பந்தில் சிறந்த ஃபார்வர்டு யார் என்று கேட்டால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், கோல் கணக்கை எடுத்து வைப்பார்கள், யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்துவிடுவார். பின்னால் நின்று தடுத்தவர்களில் யார் சிறந்தவர் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நாள் ஆனாலும் தீராது. எங்கள் வீட்டில் தீரவில்லை.

போன மாசிக் கடைசியில் நடந்தது இது. பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் சமயபுரத்தில் எங்கள் தெருவில் சைக்கிள்கூட எடுக்க முடியாது. மஞ்சள் உடுத்திய ஜனங்கள் பூத்தட்டோடு விடிய விடிய நடந்து வந்துகொண்டே இருப்பார்கள். அம்மன் பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கும் காலம். அவளுக்கே துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும்தான் என்பதால் எங்கள் வீட்டிலும் வந்தவர்களுக்கு நீர்மோர் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்துவிடுவாள் என் மனைவி. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் என்னோடு வேலை பார்த்த நண்பர். இரிஞ்சாலக்குடா பக்கத்துக்காரர், நாற்பது வருடமாகத் திருச்சிவாசி.

கல்லூரியில் படிக்கும் என் பேத்திதான் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். "தாத்தா, இந்தியா டீம்ல இதுவரைக்கும் ஆடினவங்கள்ல பெஸ்ட் டிஃபெண்டர் யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொல்லிவிட்டார். "பீட்டர் தங்கராஜ்."

"அவர் கோல் கீப்பர், மச்சான்."

"கோல் கீப்பர் தடுக்காம பின்ன பூப்பறிக்கவா அங்க நிக்கிறான், மாப்பிள்ளை?"

தெருவில் அத்தனை பூத்தட்டு போய்க்கொண்டிருக்கும்போது இதற்கு யார் பதில் சொல்ல முடியும்? மச்சானுக்கு தங்கராஜ் என்றால் குலதெய்வம் மாதிரி. ஹைதராபாத்தில் 1935-ல் பிறந்த தங்கராஜ், நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சேர்ந்து ஆடியவர். முதலில் சென்டர் ஃபார்வர்டு, பிறகுதான் கோல் கம்பத்துக்கு வந்தார். வெலிங்டன் அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை ஜெயித்தது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்ற பட்டம். மச்சான் வெலிங்டனுக்குப் போனபோது தங்கராஜ் அங்கிருந்து கிளம்பிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் கூடவே நின்று பார்த்த மாதிரி கையை விரித்துக் காட்டுவார்.

நண்பர் அமைதியாக, "சத்யன்" என்றார். அதற்குப் பிறகு வருகிறேன்.

என் ஓட்டு ஜர்னயில் சிங்குக்கு. இதற்கு என் அப்பாதான் காரணம். பொன்மலையில் ஃபிட்டராக இருந்தவர், பணிமனை ஆட்களோடு வெறுங்காலில் ஃபுல் பேக் ஆடியவர். வலது கால் பெருவிரல் நகம் அவருக்குக் கடைசி வரை ஒழுங்காக வளரவில்லை. மைதானத்தில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பந்தைப் பார்க்காதடா, பந்து எங்க வரப்போகுதுன்னு நிக்கிறவனைப் பாரு" என்பார். ஜகார்த்தாவில் 1962-ல் இந்தியா தங்கம் வாங்கிய செய்தியைப் பேப்பரில் அவர் எனக்குப் படித்துக் காட்டியபோது எனக்குப் பத்து வயது.

அந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். முதல் ஆட்டத்தில் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி. தாய்லாந்தோடு ஆடியபோது ஜர்னயில் சிங்குக்குத் தலையில் அடி, தையல். பயிற்சியாளர் ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை, பின்களத்திலும் நிறுத்தவில்லை. சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். செப்டம்பர் 4-ம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவுக்கு எதிராக இன்னொரு கோல். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். 2-1 என்று ஜெயித்தார்கள். கம்பத்தடியில் தங்கராஜ்.

இதைச் சொல்லி முடித்தபோது பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, நீங்க சொன்னது அவர் கோல் அடிச்ச கதை. தடுத்த கதை எங்க?"

நல்ல கேள்வி. ஜர்னயில் சிங்கைப் பற்றிப் பேசுகிற யாரும் அவர் முன்னால் போய் அடித்த இரண்டு கோலைத்தான் சொல்வார்கள். சைலேன் மன்னாவைப் பாருங்கள். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன், மோகன் பகானுக்குப் பத்தொன்பது வருடம் ஆடிய பேக். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு ஆடியபோது வீணாக்கிய பெனால்டிதான் முதலில் வரும். ஒரு தடுப்பாட்டக்காரனை அவன் வேலையை விட்டு வெளியே வந்து செய்த காரியத்தை வைத்தே ஞாபகம் வைத்திருக்கிறோம். தைத்த சட்டைக்கு இல்லாமல், ஒரு நாள் பாடிய பாட்டுக்காகத் தையல்காரரை ஞாபகம் வைத்திருப்பது மாதிரி.

நான் கணக்குப் பிரிவில் 34 வருடம் இருந்தவன். வந்தது, போனது இரண்டையும் எழுதலாம். வராமல் தடுத்ததை எந்த ஏட்டில் எழுதுவது? பாயிண்ட்ஸ்மேன் ஒழுங்காக வேலை செய்தால் ரயில் போய்விடும், அவ்வளவுதான். அதற்கு ரசீது கிடையாது.

பேத்தி தன் பங்குக்கு சந்தேஷ் ஜிங்கனைக் கொண்டுவந்தாள். 2019 செப்டம்பரில் தோஹாவில் கத்தாரோடு 0-0. அந்த வருடத் தொடக்கத்தில்தான் கத்தார் ஆசியக் கோப்பையை ஜெயித்திருந்தது. ஜிங்கனும் ஆதில் கானும் நடுவில் நின்று பந்து பந்தாக விரட்டினார்கள். நானும் அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்தேன். ஆனால் அன்று அதிகம் வேலை செய்தவர் கோல் கீப்பர் குர்பிரீத் என்றேன். மச்சான் தொடையில் தட்டிக்கொண்டார். "அதானே நானும் சொல்றேன்!" பேத்தி விடவில்லை. மணிப்பூரின் ஆஷாலதா தேவி, இந்தியாவுக்காக நூறு சர்வதேச ஆட்டம் ஆடிய முதல் பெண், பின்களத்து ஆள், அவர் பெயர் ஏன் இந்தத் திண்ணையில் வரவில்லை என்று கேட்டாள். மூன்று கிழவர்களும் மோர் குடித்தோம்.

இப்போது சத்யனுக்கு வருகிறேன். வி.பி. சத்யன் கண்ணூர்க்காரர், 1965-ல் பிறந்தவர். கேரள போலீஸ் 1990, 1991 இரண்டு வருடமும் ஃபெடரேஷன் கோப்பை ஜெயித்தபோது அதன் தூண். 1992-ல் நம் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என்று வென்று கேரளா சந்தோஷ் டிராஃபி வாங்கியபோது கேப்டன். பிறகு சென்னைக்கு வந்து இந்தியன் வங்கிக்கு ஆடினார். 2006 ஜூலை 18 அன்று பல்லாவரம் ரயில் நிலையத்தில் உயிரை விட்டார். வயது 41. மலையாளத்தில் 2018-ல் 'கேப்டன்' என்று படம் எடுத்தார்கள், ஜெயசூர்யா நடித்தது.

அந்தச் செய்தி வந்த அன்று நான் பணியில் இருந்தேன். ரயில்வேயில் இப்படிப்பட்ட சாவுகளுக்கு ஒரு படிவம் உண்டு, ஒரு வழக்கமான வாக்கியம் உண்டு. அன்று மத்தியானம் இந்த நண்பர் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்விட்டார்.

அதனால்தான் திண்ணையில் அவர், "சார், சத்யனை முதல்ல வெக்கணும்" என்றபோது நான் சொன்னேன், அந்த மரணத்துக்காக வைக்காதீர்கள், அது பரிதாப ஓட்டு. அவர் ஆடிய ஆட்டத்துக்காக என்றால் சொல்லுங்கள், கேட்கிறேன். நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. மச்சான்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஜர்னயில் சிங்கைக் கோலுக்காகவும் மன்னாவை பெனால்டிக்காகவும் சத்யனை அந்த ரயில் நிலையத்துக்காகவும் மட்டும் ஞாபகம் வைத்திருந்தால், மூன்று பேரும் ஆடியதை யாருமே பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடங்கினார். கோயம்புத்தூருக்கு லீவு போட்டுப் போயிருக்கிறார். "சார், ஆள் கத்திக்கிட்டே இருப்பார். நீ இங்க, நீ அங்கன்னு. மத்தவங்களை அவர் நிறுத்தி வெச்ச இடத்துக்குத்தான் பந்து வரும். அப்புறம் பார்க்கிறவனுக்கு ஈசியா தெரியும்."

இதைத்தான் நான் கேட்க விரும்பினேன். ஏனென்றால் நானும் பார்த்திருக்கிறேன். 1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. அலுவலக வேலையாகப் போனவன் நேரு ஸ்டேடியத்துக்குப் போனேன். இறுதி ஆட்டம், வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 1-0, தங்கம். கேப்டன் சத்யன். அப்பா சொன்னபடி பந்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கதேச ஆள் பந்தைத் தள்ளிக்கொண்டு வரும்போது இவர் பாய்ந்து போகவில்லை. இரண்டு அடி பின்னால் போனார், பக்கவாட்டில் நகர்ந்தார், வந்தவனுக்கு ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து விட்டார். அந்தப் பக்கம் இன்னொரு இந்திய ஆள் நின்றிருந்தார். எங்கள் வரிசையில் யாரும் கை தட்டவில்லை. 1-0 என்பதில் அந்த 1 போட்டவருக்கு மறுநாள் பேப்பரில் இடம் கிடைக்கும். அந்த சைபரைப் போட்டவர்களும் பதினொரு பேரில் பாதிப் பேர்.

பேத்தி செல்போனைத் தட்டிக்கொண்டே, "சரி, நிரூபிக்க வழியே இல்லையா?" என்றாள்.

ஒரே ஒரு இடத்தில் வழி இருக்கிறது. அதை நான் வெகுநாளாக வைத்திருக்கிறேன். 1960 ரோம் ஒலிம்பிக். இந்தியாவின் பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரி அந்தக் காலத்தில் லேசுப்பட்ட அணி இல்லை, முன்னால் இளைஞர் ஃப்ளோரியன் ஆல்பர்ட். கடைசியில் வெண்கலமும் வாங்கினார்கள். பெருவை 6-2 என்று அடித்தார்கள். பிரான்ஸை 7-0 என்று துவைத்தார்கள். இந்தியாவை? 2-1. மற்ற இரண்டு பேருக்கும் சேர்த்து 13 கோல் போட்ட அதே கால்கள் இந்தியாவுக்கு இரண்டுதான் போட முடிந்தது. அதே பிரான்ஸோடு இந்தியா 1-1. பெருவிடம் 1-3 என்று தோற்று வெளியே வந்தார்கள், அது வேறு கதை. ஹங்கேரி மற்றவர்களுக்குப் போட்ட சராசரி ஆறரை. இந்தியாவுக்கு விழாமல் போனது நான்கரை. என் வாழ்க்கையில் வராத ஒன்றை ஏட்டில் எழுத முடிந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

"அந்த அணியில் ஜர்னயில் சிங்" என்றேன்.

"கோல்ல தங்கராஜ்" என்றார் மச்சான் எழுந்து நின்று.

நண்பர் அதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரைட் பேக் யாருன்னு கேளுங்க சார். எங்க இரிஞ்சாலக்குடா சந்திரசேகரன்! 62 தங்கத்திலயும் உண்டு" என்றார். உண்மைதான். கால்டெக்ஸ் அணிக்கு ஆடிய அந்த ஒ. சந்திரசேகரன் 2021-ல்தான் காலமானார். தன் ஊர்க்காரரை விட்டுவிட்டு நண்பர் இவ்வளவு நேரம் கண்ணூர்க்காரருக்கு வாதாடிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இந்தக் கணக்குப்படி முதலிடம் ஒருவருக்கு என்று பிரிக்க முடியாது, நான்கரை கோலை மூன்று பேருக்குப் பங்கு போடுவது எப்படி என்று மச்சான் கேட்டார். ஜர்னயில் சிங்குக்கே முதலிடம் என்றேன். 1965 முதல் 67 வரை இந்தியக் கேப்டன், 1966-ல் ஆசியத் தேர்வு அணிக்கும் கேப்டன். பார்த்த கண்கள் அதிகம், பல நாட்டுக் கண்கள். கோல் போடாமல் இருந்திருந்தாலும் அவருக்கு அந்த இடம் உண்டு.

இரவு கூட்டம் குறையாததால் இரண்டு பேரும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் அணியை எழுதினேன். கோலுக்கு தங்கராஜ். பின்னால் சந்திரசேகரன், ஜர்னயில் சிங், ரோமுக்கும் ஜகார்த்தாவுக்கும் போன அருண் கோஷ், மன்னா. 1970 பாங்காக் வெண்கலத்தின் கேப்டன் நயீமுதீனுக்கு ரிசர்வ் பெஞ்ச். ஜிங்கனுக்கும் அதே பெஞ்ச்தான், பேத்தி இரண்டு நாள் பேசவில்லை. ஜர்னயில் சிங்குக்குப் பக்கத்தில் சத்யன் என்று எழுதினேன்.

மச்சான் தாளை வாங்கி விரலால் எண்ணினார். "மாப்பிள்ளை, அஞ்சு பேக் வருது."

"ஆமா மச்சான். ஒரு ஃபார்வர்டைக் குறைச்சுக்கலாம்" என்றேன்.