ஏரிக்கரையில் ஒரு பழைய படகு

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சூளூர்பேட்டை. காளங்கி ஆற்றங்கரையில் அமைந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைப்புறம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளமே நினைவுக்கு வரும். நானோ சென்ற தை மாதம் விடுமுறையில் அங்குச் சென்று, ஒரு பழைய மோட்டார்ப் படகைப் பழுதுபார்ப்பதில் பதினெட்டு நாட்களைக் கழித்தேன்.

படகு என் பள்ளித் தோழருடைய தந்தையாருடையது. ஊருக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் நடுவே உள்ள இரக்கம் தீவு மக்களுக்குக் கரைக்கு வரப் படகே நெடுநாளைய வழி. அரிசி மூட்டையும், பிள்ளைத்தாய்ச்சியும், பள்ளிப் பிள்ளைகளும் ஏறிய படகு அது. பெரியவர் காலமானதும் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் பிழைப்புத் தேடிச் சென்றனர். படகைக் கரையேற்றி, ஓலை வேய்ந்து மூடி வைத்தார்கள். ஒன்பது ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது.

"விறகுக்குக் கேட்கிறார்கள். கொடுக்க மனம் வரவில்லை. நீ ஒரு முறை பார்த்துச் சொல்" என்றார் நண்பர்.

தடா வழியாகப் பீமுலவாரிபாலெம் படகுத் துறைக்குச் சென்று பார்த்தோம். ஓலை மட்கி விழுந்திருந்தது. தேக்குப் பலகைகள் வெயிலில் சுருங்கி, இடுக்குகளில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தன. இஞ்சின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

படகு கட்டும் ஓடாவி ஒருவரைத் தேடி அழைத்து வந்தோம். எழுபது வயதைக் கடந்தவர். சிறு சுத்தியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கணீரென்று ஒலித்தால் நல்ல பலகை; மந்தமாக ஒலித்தால் உள்ளே உளுத்தது. "நாலு பலகைதான் போச்சு தம்பி. அடிமரம் கல்லாட்டம் இருக்கு. தண்ணியிலே ஓடியிருந்தா இதுவும் போயிருக்காது. கரையிலே வச்சுத்தான் கெடுத்தீங்க" என்றார். நண்பர் தலைகுனிந்து நின்றார்.

பழுதான பலகைகளை மாற்றிய பின், இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். நாங்கள் இருவரும் அவருக்குச் சிற்றாட்கள். இஞ்சினைப் பார்க்கச் சூளூர்பேட்டையிலிருந்து வயலுக்கு நீர் இறைக்கும் டீசல் இஞ்சின்களைப் பழுதுபார்க்கும் இளைஞர் வந்தார். சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டு, நான்காம் நாள் கையால் சுற்றினார். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு முனகலோடு சற்றே இளகியது. அன்று மாலை நண்பர் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

வேலையின் இடையே ஓடாவி பழங்கதை சொல்லுவார். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய் படிப்படியாக நீண்டு, பின்னர் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது. அதன் வழியே ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகு படகாகச் சென்னை அடுப்புகளுக்குச் சென்ற காலம் ஒன்று உண்டு. 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்களில் கால்வாய் சேதமுற்றது. பராமரிப்பும் குன்றி, போக்குவரத்து நின்றது. 2008-ல் அதனைத் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவித்தனர். ஆயினும் படகு ஓடாத கால்வாயைத் தூர் வந்து மூடுவதை எந்த அறிவிப்பால் தடுக்க முடியும்?

பதினாறாம் நாள் படகைத் தண்ணீரில் இறக்கினோம். இறக்கிய அரைமணிக்குள் கணுக்கால் அளவு நீர் உள்ளே புகுந்துவிட்டது. நான் பதறிப்போய் வாளியைத் தேடினேன். ஓடாவியோ பீடி பற்றவைத்துக்கொண்டு, "பலகை தண்ணி குடிக்குது. குடிக்கட்டும். ஒம்பது வருசத்துத் தாகம்" என்றார். இரவெல்லாம் முறைவைத்து இறைத்தோம். மரம் ஊறிப் பருத்து, இடுக்குகள் தாமே இறுகின. மறுநாள் மாலைக்குள் கசிவு நின்றது.

பதினெட்டாம் நாள் காலை இரக்கத்துக்குப் புறப்பட்டோம். ஏரியில் பெரும்பகுதி ஓராள் ஆழம்கூட இல்லை. கோடையில் வடபுறம் பரந்த திடலாகவே காய்ந்துவிடும். வழியில் இருமுறை சேற்றில் தட்டியது. இறங்கித் தள்ளினோம். தொலைவில் பூநாரைக் கூட்டம் இளஞ்சிவப்புக் கோடாக நின்றது. தீவுத் துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், படகை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அதன் பழைய உரிமையாளர் பெயரைச் சொல்லி, "அவர் மகனா நீ?" என்று கேட்டார். நண்பரால் பதில் சொல்ல இயலவில்லை.

திரும்பும்போது அவர் ஒரு முடிவு செய்தார். படகை மறுபடி மூடி வைப்பதில்லை. துறையில் உள்ள மீனவ இளைஞர் ஒருவரிடம் ஒப்படைப்பது. வாடகை வேண்டாம், நாள்தோறும் தண்ணீரில் ஓட வேண்டும் என்பதே நிபந்தனை. "அப்பாவின் பொருளைப் பிறர் கையில் கொடுத்துவிட்டேனே என்று உறவினர் சொல்லுவார்கள்" என்றார். "கரையில் கிடந்து உளுத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அச்சொல் என்னையே வந்து தைத்தது. என் ஊரில் என் பெற்றோர் வாழ்ந்த வீடு பதினோர் ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. பாதுகாப்பதாக எண்ணி, ஆண்டுக்கொரு முறை பூட்டுக்கு எண்ணெய் விட்டு வந்தவன் நான். இம்முறை ஊர் சென்றதும், வாடகை வீட்டில் துன்புறும் சித்தப்பா மகனிடம் சாவியைக் கொடுத்தேன். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினான். ஓடு மாற்றியாயிற்றாம், கிணற்றில் தூர் வாரியாயிற்றாம், அடுக்களையில் புகை எழுகிறதாம்.

நம் சங்கத்து அன்பர் பலருக்கும் ஊரில் பூட்டிய வீடொன்று இருக்கும். அடுத்த முறை செல்லும்போது, பூட்டுக்கு எண்ணெய் விடுமுன், அந்தச் சாவி யாருக்கு உதவும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.