கேமரன் மலைப்பாதையில் ஒரு ‘டக்’ சத்தம்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை சுமார் 60 கிலோமீட்டர், வழியெல்லாம் வளைவுகள். முட்டைக்கோஸ் ஏற்றிவர மாமாவின் பிக்கப்பில் புறப்பட்டோம். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும், குழியில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் ‘டக்’ என்றது. பிரேக் வைத்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது.

“அப்சோர்பர் போயிருக்கும். சரக்கை இறக்கிட்டுப் பார்த்துக்கலாம்” என்றார் மாமா.

நான் விடவில்லை. ரிங்லெட்டில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். மெக்கானிக் தம்பி, லோவர் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் இரும்புக் கம்பியை விட்டு நெம்பினார். ஆர்ம் தாராளமாக அசைந்தது.

“அப்சோர்பர் நல்லாத்தான் இருக்கு அங்கிள். ரப்பர் புஷ்தான் கிழிஞ்சிருக்கு. இதோட பாரம் ஏத்தி இறங்காதீங்க.”

பழைய புஷ்களைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியவற்றை அழுத்திப் பொருத்தினார். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே போல்ட்டுகளை முழுதாக இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், பாரம் விழுந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடுமாம்.

பிற்பகலில் சரக்கோடு இறங்கினோம். அருவியருகே மாமா ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். தாப்பாவில் அலைன்மெண்ட் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.